சுழி விடுபட்ட கத்திகள்

சங்கக் கூட்டம் நடக்கும் அறையில் எதைத் தொட்டாலும் விரல் ஒட்டும். மதுக்கடையின் பின்புறத்தில், சரக்கு வைக்கும் இடத்தைப் பலகையால் தடுத்து உண்டாக்கிய அறை அது. மேசைமேல் விரித்திருந்த மெழுகுத்துணியில் பல ஆண்டுகளின் பன்றிக்கொழுப்பு ஊறிக் கிடந்தது. அன்று கூட்டம் தொடங்குமுன்பே உறுப்பினர்கள் தத்தம் மடக்குக்கத்தியை விரித்துத் தொத்திறைச்சியை அறுத்துத் தின்றுவிட்டு, அலகைக் காற்சட்டையின் தொடையில் துடைத்து மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். கத்தி விற்று வயிறு வளர்க்கும் ஊரார் கத்தியைத் துடைக்கும் முறை இதுதான். ஒலிவக் கொட்டைகளைத் தரையிலேயே துப்பினார்கள். நான் நாற்காலியின்மேல் ஒரு செய்தித்தாளும் குறிப்பேட்டின்கீழ் ஒரு செய்தித்தாளும் விரித்து அமர்ந்தேன்.

வில்யார் மடக்குக்கத்தி வணிகர் சங்கத்துக்கு நான் செயலர். எனக்குக் கடையும் இல்லை, பட்டறையும் இல்லை. இவ்வூர்ப் பள்ளியில் நாற்பது ஆண்டு மொழி கற்பித்து ஓய்வு பெற்றவள். அங்கிருந்த பன்னிருவருள் ஒன்பது பேர் என் வகுப்பில் படித்தவர்கள். அவர்கள் எழுதிய கூட்டக் குறிப்புகளை, ஒரு வாக்கியமும் விளங்கவில்லை என்று நகரசபை இருமுறை திருப்பி அனுப்பியது. அதன்பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள்.

குறிப்பில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. செப்டம்பர்த் திருவிழாவின் பத்து நாளும் வட்டக் கொட்டகையில் யார் யார் கடை போடலாம் என்னும் பட்டியல் சங்கத்திலிருந்து நகரசபைக்குப் போகவேண்டும். கூட்டக் குறிப்பும் அதன் அடியில் செயலரின் கையெழுத்தும் இல்லாத பட்டியலை அங்கே வாங்கமாட்டார்கள். அந்தப் பத்து நாளில் விற்பதுதான் கடைத்தெருவில் சொந்தக் கடை இல்லாத குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்கும் சோறு.

அன்றைய பொருள் ஒன்றே ஒன்று. ஹினேசாவின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டும் என்று சங்கத் தலைவன் அர்செனியோ எழுத்து மூலம் புகார் கொடுத்திருந்தான். "நம் ஊரின் புகழ்மிக்க கத்திக்கு இழிவு தேடுகிறாள்" என்பது குற்றச்சாட்டு. இரண்டு பக்கக் கடிதத்தில் பதினோரு பிழைகள் இருந்தன. அவற்றைச் சிவப்பு மையால் திருத்திக் குறிப்பேட்டில் செருகி வைத்திருந்தேன்.

ஹினேசா வாரச் சந்தைகளில் கத்தி விற்பவள். அவள் கணவன் தோமாஸ் முதுகெலும்பில் அடிபட்டு லாரி ஓட்டுவதை விட்டு நான்கு ஆண்டாகிறது. அவள் விற்பவை பாகிஸ்தானிலிருந்து வரும் மடக்குக்கத்திகள். பார்வைக்கு எங்கள் ஊர்க் கத்தியைப் போலவே இருக்கும். விலை பன்னிரண்டு யூரோ. கடைமுன் ஓர் அட்டை தொங்கும். "இறக்குமதிக் கத்தி. பாகிஸ்தான். 12 யூரோ" என்று முற்றுப்புள்ளிகளோடு எழுதியிருப்பாள். அர்செனியோவின் புகார் கத்தியைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் அந்த அட்டையைப் பற்றியது.

அவளிடம் மூன்று ஆண்டுக்கு முன் நானும் ஒன்று வாங்கினேன். ஈரத்தோடு விட்டால் மறுநாள் துருப்புள்ளி விழும். கூர் ஒரு வாரம் நிற்கும். பிறகு கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்ப வந்துவிடும். ஆணிகளுள் ஒன்று சற்றுத் துருத்திக்கொண்டு உள்ளங்கையை உறுத்தும். பூண்டு உரிக்கவும் ரொட்டி அறுக்கவும் முலாம்பழம் வகிரவும் அது போதும்; பன்னிரண்டு யூரோவுக்கு உரிய வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது. அது தன்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை என்பதையும் நான் விலையோடு சேர்த்தே கணக்கிடுகிறேன்.

ஹினேசா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஒருவரும் அவளுக்கு நாற்காலி தரவில்லை.

"ஹினேசா, உம்மேல எனக்குத் தனிப்பட்ட முறையில எந்தக் கோவமும் இல்ல" என்று அர்செனியோ தொடங்கினான்.

"கோவமே இல்லாம ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்களே தலைவரே. கோவம் இருந்தா நோட்டுப் புத்தகம் பத்தாது போலிருக்கு."

"அதுல ஒரு பக்கம் பூராவும் தப்புதான்" என்றான் சிரிலோ. அர்செனியோவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அன்று போலவே இன்றும் வாயை மூடத் தெரியாதவன். "டீச்சர் திருத்தினத நான் பாத்தேன். சேவல் சண்ட போட்ட எடம் மாதிரி செவப்பா கெடக்கு."

"சிரிலோ, ஒன் முறை வரும்போது பேசு" என்றேன்.

அர்செனியோ தொண்டையைச் செருமினான். "போன வருசம் திருவிழாவுல ஒரு ஆளு எங்கடைக்கு வர்றான். குடும்பத்தோட. கத்தியக் கையில எடுக்கறான், நல்லாருக்குங்கறான். அப்புறம் எதிர்க்கடைல தொங்கற அட்டையப் பாக்கறான். பாத்துட்டு எங்கிட்ட கேக்கறான், 'ஐயா, உங்களுது எங்க செஞ்சது?' எங்க தாத்தா காலத்துலேருந்து ஒருத்தனும் கேக்காத கேள்வி."

"கேட்டா பதில் சொல்லவேண்டியதுதானே" என்றாள் ஹினேசா.

"சொன்னேன். என் பட்டறைல அடிச்சதுன்னு சொன்னேன்."

அர்செனியோவின் கடைக்குப் பின்னால் உள்ள உலை, சுற்றுலாப் பேருந்து வரும் நாள்களில் மட்டும் எரியும் என்பது ஊரறிந்தது. பேருந்து போனதும் தோலாடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான்.

"பேச்சு எதுக்கு?" என்று அவன் ஒரு பையிலிருந்து இரண்டு கத்திகளை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்று வெறும் காகிதத்தில் சுற்றியிருந்தது. மற்றொன்று சிவப்புத் துணி தைத்த மரப்பெட்டிக்குள் இருந்தது. "இது ஹினேசா கடைல ஆள் விட்டு வாங்கினது. இது எங்கடைல எம்பத்தஞ்சு யூரோவுக்கு விக்கறது. டீச்சர் ரெண்டையும் பாக்கட்டும். பாத்தத பாத்தபடி எழுதட்டும். நகரசபைக்காரங்களுக்குத் தெரியட்டும், எது கத்தி, எது தகரம்னு."

"பார்த்தபடியே எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்து விடாம எழுதுங்க டீச்சர்."

கைக்குட்டையால் இரண்டு கத்திகளின் பிசுக்கையும் துடைத்துவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். முதலில் ஹினேசாவின் கத்தி. பிடி எருமைக்கொம்பு, பித்தளை ஆணிகள் மூன்று, நடு ஆணி துருத்தியிருந்தது. அலகின் முதுகில் அரத்தின் கோடுகள் சரியாகத் தேய்க்கப்படாமல் நின்றன. இடப்பக்கம் திராட்சை இலைகளின் நடுவே ஒரு வாசகம் பொறித்திருந்தது: என் உடையவனோடு நூறு ஆண்டு. அவ்வாசகத்தில் இரண்டு எழுத்துகளின் தலையில் இருந்த சுழி மட்டும் மற்ற பொறிப்பைவிடப் புதிதாகவும், ஊசியால் கீறியது போல மெலிதாகவும் இருந்தது. அதையும் எழுதினேன்.

பிறகு அர்செனியோவின் கத்தி. எருமைக்கொம்புப் பிடி. மூன்று பித்தளை ஆணிகள். நடு ஆணி துருத்தியிருந்தது. முதுகில் அதே அரக்கோடுகள். அதே திராட்சை இலைகள். இலைகளின் நடுவே அதே வாசகம், ஒரு குறையோடு.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். எங்கள் மொழியின் எழுத்தில் னகரத்தின் தலைமேல் அலைபோல ஒரு சிறு சுழி இட்டால் அது ஞகரமாகும். ஆண்டைக் குறிக்கும் சொல்லும் குதத்தைக் குறிக்கும் சொல்லும் அந்த ஒரு சுழியால் மட்டுமே வேறுபடுகின்றன. இதை ஐந்தாம் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும், பிள்ளைகள் சிரித்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, பிறகு பத்து முறை எழுதச்செய்து கற்பித்திருக்கிறேன்.

எழுதி முடித்தேன். வாக்கெடுப்புக்கு முன் குறிப்பை உரக்கப் படிக்கவேண்டும் என்பது சங்கத்தின் விதி. எழுந்து நின்று படித்தேன். முதற்கத்தியின் விவரத்தை அவர்கள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒருவன் பல்லிடுக்கைத் தீக்குச்சியால் குத்திக்கொண்டிருந்தான்.

"இரண்டாவது கத்தி, தலைவர் அர்செனியோவால் தம் பட்டறையில் செய்யப்பட்டதெனக் கூறி முன்வைக்கப்பட்டது. பிடி, ஆணி, அலகு ஆகியவை முதற்கத்தியை முற்றும் ஒத்துள்ளன. அலகின் இடப்பக்கத்தில் பின்வரும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது: 'என் உடையவனோடு நூறு குதம்.' உடையவன் என்னும் சொல்லிலும் சுழி விடுபட்டிருத்தலின், அச்சொல்லைப் பொருள் நோக்கி ஊகித்துப் படிக்கவேண்டியுள்ளது."

தீக்குச்சி பல்லிலேயே நின்றது.

"பாவம்டா அந்த உடையவன்" என்றான் சிரிலோ. "நமக்கெல்லாம் ஒண்ணே ஒண்ணு. அதுக்கே மூலம் வந்து படாத பாடு படறோம்."

அறை குலுங்கியது. மேசையைத் தட்டினார்கள், ஒருவனுக்குப் புரையேறி, மென்ற ஒலிவம் மெழுகுத்துணிமேல் வந்து விழுந்தது. நான் குறிப்பேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"டீச்சர், தப்பா படிச்சிட்டீங்க" என்றான் அர்செனியோ.

"நான் தப்பா படிக்கறதில்ல. இந்தா கண்ணாடி. நீயே படி."

படித்தான். காது சிவந்தது. "இது பழைய எழுத்து முறை. எங்க தாத்தா இப்படித்தான் பொறிப்பாரு."

"ஒங்க தாத்தா கத்தி நகரசபைல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. நான் வருசா வருசம் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கேன், ஒன்னையும் சேத்து. அதுல சுழி இருக்கு. அவரு பள்ளிக்கூடம் போகாதவரு. சுழிய ரெண்டு தடவ அழுத்திப் போட்டிருக்காரு."

"அப்ப... அங்க அந்த எழுத்து கெடையாது போலிருக்கு" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எங்க?" என்று கேட்டாள் ஹினேசா.

அவள் மேசையருகே வந்து, தன் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என்முன் வைத்தாள்.

"தலைவருக்கு வர்ற லாரிலதான் எனக்கும் சரக்கு வருது டீச்சர். அவருக்கு நாலு பெட்டி, எனக்கு ஒண்ணு. இந்தத் தடவ பெட்டி மாறி வந்திருச்சு போல, உள்ள இந்தத் தாளு கெடந்தது. இதப் பாத்துதான் அங்க பொறிச்சிருக்காங்க. அவங்க மேல குத்தமில்ல. எழுதிக் குடுத்தத ஒரு கோடு கூடாம குறையாம போட்டிருக்காங்க. நான் பெட்டி பிரிச்ச அன்னிக்கே பாத்தேன். இத எப்படிங்க விக்கறது? ஊசிய எடுத்து ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சுழி நானே கீறினேன். முந்நூத்திச் சொச்சம்."

தாளில் பெரிய எழுத்தில் அந்த வாசகம் இருந்தது. சுழி இல்லை. கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. புகார்க் கடிதத்தின் பதினோரு பிழைகளுள் ஒன்பது, விடுபட்ட சுழிகள். ஐந்தாம் வகுப்பில் பத்து முறை எழுதச் சொன்னபோது பத்து முறையும் சுழியில்லாமல் எழுதிக் கொடுத்தவன் அர்செனியோ. உலகின் மறுகோடியில் யாரோ ஒரு தொழிலாளி, தனக்குத் தெரியாத மொழியில், தன்னை நம்பி ஒப்படைத்த எழுத்தை அப்படியே இரும்பில் இறக்கியிருக்கிறான். அவனுடைய ஒழுங்கில் பத்தில் ஒரு பங்கு இந்த அறையில் இருந்ததில்லை.

சிரிலோ இரண்டு கத்திகளையும் எடுத்தான். எங்கள் ஊர் மடக்குக்கத்தியை விரிக்கும்போது உள்ளே இருக்கும் பற்கள் ஏழு முறை ஒலிக்கவேண்டும்; இங்கே பிறந்தவன் கண்ணைக் கட்டினாலும் காதால் கத்தியை அறிவான். ஒன்றைக் காதருகே வைத்து விரித்தான். மற்றதை விரித்தான்.

"இது அஞ்சு, அப்புறம் ஒரு தும்மல்" என்றான். "இதுவும் அஞ்சு, அப்புறம் ஒரு தும்மல். ஒரே ஆத்தா பெத்த புள்ளைங்க. ஒண்ணு பன்னெண்டு யூரோக் கோவணத்தோட சுத்துது, ஒண்ணு பெட்டிக்குள்ள பட்டு மெத்தைல படுத்திருக்கு."

அவன் தன் சிரிப்பைத் தானே நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன். அவன் கை மெல்லத் தன் பைக்குள் போயிற்று. திருவிழாவில் வைக்கப்போகும் மாதிரிக் கத்தியை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் படித்தான். அடுத்தவன் எடுத்தான். அதற்கடுத்தவன் தன் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி என் உருப்பெருக்கியைக் கேட்டான். பெட்டிகளும் உறைகளும் திறந்தன. நீலத் துணி, பச்சைத் துணி, "கையால் செய்தது" என்று அச்சிட்ட சீட்டுகள். திராட்சை இலைகள், இலைகளின் நடுவே நூறு குதம். எல்லாருக்கும் சரக்கு அதே லாரியில் வந்திருந்தது.

"எனக்கும் இல்லடா" என்று ஒருவன் கிசுகிசுத்தான்.

"எனக்கு ஒரு சுழி இருக்கு."

"அது ஒலிவ எண்ணெ. துடைச்சுப் பாரு."

துடைத்தான். சுழி போய்விட்டது.

அம்முகங்களில் வெட்கம் வரும் என்று நான் காத்திருந்தேன். நாற்பது ஆண்டு பிள்ளைகளைப் பார்த்த கண். தவறு செய்தவன் முகத்தில் எது எப்போது ஏறும் என்று அறியும். வெட்கம் வரவில்லை. வந்தது அச்சம். அதுவும் சிறிது நேரத்தில் வடிந்து, ஒரு கணக்காக மாறியது. மேசைமேல் கிடந்த கொழுப்பு நாற்றம் அப்போதுதான் மூக்கில் ஏறியது போல இருந்தது.

"திருவிழாவுக்கு இன்னும் எத்தன நாளு?" என்றான் சிரிலோ.

"இருவத்திரெண்டு."

"ஹினேசா, ஒரு கத்திக்கு ரெண்டு சுழி போட எவ்ளோ நேரமாவும்?"

கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"ஒரு நிமிசம் ஆவும்" என்றாள். "மெழுகு தடவி, கீறி, துடைக்கணும்."

"அப்படிப்போடு" என்றான் அர்செனியோ. அவன் குரலில் தலைவன் திரும்பி வந்துவிட்டான். "நீ எங்க சங்கத்துப் பொண்ணு. வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும். புகார நான் திரும்ப வாங்கிக்கறேன். ஒன் கட நிக்கும். நிக்கறது என்ன, இந்தத் தடவ கொட்டகையோட பெரிய வாசல் பக்கத்துலயே எடம் தர்றோம். எல்லார் கத்திலயும் சுழிய மட்டும் போட்டுக் குடுத்துரு."

"எல்லாருதும்னா?"

"ரெண்டாயிரம் இருக்கும். கூலி குடுத்துருவோம்."

"அட்டை?"

"அட்டைய வீட்டுல வையி. அது ஒண்ணுதான். நீ ஒருத்தி எழுதி மாட்டினா, மத்தவங்ககிட்ட வந்து கேக்கறான்ல?"

ஹினேசா கதவையும் மேசையையும் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். வகுப்பில் விடை தெரியாத பிள்ளை பார்க்கும் பார்வையல்ல அது. விடை தெரிந்தும் சொல்ல விரும்பாத பிள்ளையின் பார்வை.

"பெரிய வாசல்னா, டிக்கெட் குடுக்கற எடத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கம்."

"எழுதிக் குடுக்கணும். வாய்வார்த்த வேணாம். டீச்சர் எழுதட்டும்."

எல்லாரும் என்னை நோக்கினார்கள்.

"என்ன எழுதறது?" என்றேன்.

"புகார் திரும்பப் பெறப்பட்டது. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பன்னெண்டு பேரும் அவளும் பட்டியல்ல இருக்காங்க. அவ்வளவுதான் டீச்சர். முன்னாடி எழுதினீங்களே, அந்தக் கத்தி விவரம், அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்க."

"பக்கத்துக்கெல்லாம் எண் போட்டிருக்கு. கிழிக்கமுடியாது."

அர்செனியோவின் முகம் வெளிறியது. சிரிலோதான் அவனைத் தேற்றினான். "விடுறா. நகரசபைல கையெழுத்து இருக்கான்னு பாப்பானுங்க. எவன்டா படிக்கறான்?"

அது உண்மை என்று எனக்குத் தெரியும். நான் கையெழுத்திடாமல் குறிப்பேட்டை மூடிக்கொண்டு வெளியேறலாம். அப்படிச் செய்தால் பட்டியல் நகரசபைக்குப் போகாது. பன்னிருவருக்கும் கடைத்தெருவில் ஆண்டு முழுவதும் சொந்தக் கடை இருக்கிறது. திருவிழா போனாலும் அவர்கள் தின்பார்கள். கொட்டகை இல்லாவிட்டால் பட்டினி கிடப்பது ஒரே வீடு. ஹினேசா அதை என்னிடம் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, காகிதத்தில் சுற்றிய தன் கத்தியைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அர்செனியோ சொன்னதை நான் எழுதினேன். தேதியிட்டேன். கையெழுத்திட்டேன். அவர்கள் மீண்டும் தொத்திறைச்சி கொண்டுவரச் சொன்னார்கள். எனக்கும் ஒரு துண்டை அறுத்து, அந்தத் தும்மல் கத்தியின் நுனியில் குத்தி நீட்டினான் சிரிலோ. வேண்டாம் என்றேன்.

தீர்மானத்தை எழுத்தில் கேட்டிருந்தாளே என்று ஆறாம் நாள் காலை அதைத் தெளிவாக எழுதி எடுத்துக்கொண்டு ஹினேசாவின் வீட்டுக்குப் போனேன். சமையலறை சன்னலடியில் மேசையை இழுத்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். சுவரோரம் அட்டைப்பெட்டிகள் தோளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. கடல் கடந்து வரும் இரும்புக்குப் பூசும் எண்ணெயின் நாற்றம், அடுப்பில் வெந்துகொண்டிருந்த கொண்டைக்கடலையின் மணத்தைத் தின்றுவிட்டிருந்தது. தோமாஸ் முதுகுப்பட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கத்தியாக எண்ணெய் துடைத்து அவளிடம் நகர்த்தினான். முடிந்தவற்றை எடுத்து அவரவர் பெட்டிக்குள் வைப்பதும் அவன் வேலை. நீலத் துணி, பச்சைத் துணி, சிவப்புத் துணி.

"ஒக்காருங்க டீச்சர். கை எண்ணெயா இருக்கு, அங்க வச்சிடுங்க" என்றாள் ஹினேசா. தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெரிய வாசல் பக்கம்னு எழுதியிருக்கேன். டிக்கெட் தர்ற எடத்துக்கு இந்தப் பக்கம்."

"நல்லது."

"அட்டைய என்ன பண்ணின?"

அவள் ஊசியை வைத்தாள். "நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியும். போன வருசம் அட்டையப் பாத்துட்டு எத்தன பேரு வாங்கினாங்க தெரியுமா? நின்னு படிச்சாங்க. 'நேர்மையான பொண்ணும்மா நீ'ன்னாங்க. சொல்லிட்டு எதிர்க்கடைல போயி எம்பத்தஞ்சு குடுத்து இதையேதான் வாங்கினாங்க. பெட்டியோட. அவங்களுக்கு வேண்டியது கத்தி இல்ல டீச்சர். இந்த ஊருன்னு ஒரு வார்த்த. அதக் குடுத்தா எடுத்துட்டுப் போறாங்க."

"அதனால நீயும் குடுக்கறியா?"

"நான் வாயத் தொறக்கமாட்டேன். அட்டை இருக்காது, அவ்வளவுதான். கேட்டா பாத்துக்கலாம்."

"கேட்டா என்ன சொல்லுவே?"

"பன்னெண்டு யூரோன்னு சொல்லுவா" என்று தோமாஸ் அவளுக்குப் பதிலாகச் சொன்னான். சொல்லிவிட்டு, முதுகு வலித்திருக்கவேண்டும், கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் மறுபடியும் ஊசியை எடுத்தாள். அலகில் ஒரு துளி மெழுகைத் தடவி, மூச்சை நிறுத்தி, எழுத்தின் தலையில் ஒரு கீறல். துடைத்தாள். முடிந்த கத்திகளுள் ஒன்றை நான் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. இன்னொன்றை எடுத்தேன். பிறகு நாலைந்து.

பேசாமல் எழுந்து வந்திருக்கவேண்டும். அது எனக்கு அப்போதே தெரியும்.

"ஹினேசா, சுழி தலைகீழா இருக்கு."

"எது?"

"இடப்பக்கம் மொதல்ல மேல ஏறணும். ஏறி, நடுவுல எறங்கி, வலப்பக்கம் மறுபடி மேல முடியணும். நீ கீழ எறங்கி ஆரம்பிக்கறே. இது சுழியே இல்ல, பாம்பு."

"யாருக்குத் தெரியப்போவுது டீச்சர்?"

"எனக்குத் தெரியுது."

அவள் ஊசியை என்னிடம் நீட்டினாள். காகிதத்தின் ஓரத்தில் ஒன்று போட்டுக் காட்டினேன். அவள் அதைப் பார்த்து ஒரு கத்தியில் கீறி, சன்னல் பக்கம் சாய்த்து என்னிடம் காட்டினாள். பிழையில்லை. தோமாஸ் அதை வாங்கிச் சிவப்புத் துணிப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடினான்.

"அப்ப இதுவரைக்கும் போட்டதெல்லாம்?" என்றாள் ஹினேசா.

அடுக்கிலிருந்த முதற்பெட்டியைத் தோமாஸ் இறக்கினான். நான் செய்தித்தாளை விரித்து நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பார்க்கத் தொடங்கினேன்.